வி.ஆர்.சாட் அவதாரின் கண்: எலும்பா, பிளெண்ட்ஷேப்பா, டெக்ஸ்சரா?

வி.ஆர்.சாட் என்ற மெய்நிகர் உலகத்துக்கு அவதார் (அங்கே நம் உருவாக நிற்கும் முப்பரிமாண மாடல்) செய்கிறவர்கள் உடம்பு, முடி, உடை எல்லாம் முடித்துவிட்டுக் கண்ணுக்கு வந்ததும் தயங்கி நிற்கிறார்கள். கருவிழியை எலும்பால் (மாடலுக்குள் வைக்கும் சுழலும் பிடி) திருப்புவதா, பிளெண்ட்ஷேப்பால் (முன்கூட்டியே செதுக்கிவைத்த மாற்று வடிவம்) நகர்த்துவதா, மெஷ்ஷைத் (முக்கோணங்களால் ஆன உருவப் பரப்பு) தொடாமல் அதன் மேல் ஒட்டிய படமான டெக்ஸ்சரை மட்டும் தள்ளுவதா? மூன்று வழியிலும் கண் அசையும். எது சரி, எது தப்பு என்பது பிறகுதான் தெரிகிறது: மெட்டா குவெஸ்ட் ஹெட்செட்டுக்கான இலகுவான பதிப்பு எடுக்கும்போது, சிரிக்கும் முகபாவத்தில் கண் மூடும்போது, கண் அசைவைப் பின்தொடரும் ஹெட்செட் ஒன்று கைக்கு வந்த பிறகு. அதற்குள் ரிக் (எலும்புக்கூடு), முகபாவங்கள், அனிமேட்டர் (அசைவுகளை ஓட்டும் அமைப்பு) எல்லாம் முதல் தேர்வின் மேல் கட்டப்பட்டிருக்கும்.

மனித முகமோ அனிமே முகமோ என்றால் விடை எளிது: பார்வைக்கு எலும்பு, இமைக்கு பிளெண்ட்ஷேப். இதை விட்டு விலக ஒரு காரணம் வேண்டும். நல்ல காரணங்கள் உண்டு, அவை கீழே வருகின்றன. ஆனால் எந்த வழியில் போனாலும் விழிக்குச் செலவிடுவதைவிட இமைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஏன் என்பதும் கீழே.

## எதை வைத்து எடைபோடுவது

கண்ணின் வடிவம். இதுதான் முதல் அளவுகோல். முழு உருண்டையாக விழி இருக்கிறதா? அனிமே மாடல்களில் வழக்கமாக இருப்பதுபோல் வெள்விழி உள்ளே குழிந்து, அதன் முன்னால் கருவிழி ஒரு வளைந்த தகடாக நிற்கிறதா? இல்லை, கண் முகத்தின் மேலேயே வரைந்த படமா?

கண்ணை யார் ஓட்டப்போகிறார்கள். வி.ஆர்.சாட்டே தானாக ஓட்டலாம், கண் தடமறிதல் ஓட்டலாம், நீங்கள் எழுதும் அனிமேட்டர் ஓட்டலாம். எல்லா வழிகளும் எல்லாரையும் ஏற்பதில்லை.

இமையோடு ஒத்துப்போவது. மனிதன் கீழே பார்த்தால் மேலிமையும் கூடவே இறங்கும். அது இறங்காவிட்டால் வெள்விழி மேலே பளிச்சென்று தெரிந்து, பயந்த முகமாகிவிடும்.

பட்ஜெட். ஒரு அவதாருக்கு மற்றவர்களோடு ஒத்திசைக்க 256 பிட் பேராமீட்டர் (முகபாவம், உடைமாற்றம் போன்றவற்றின் நிலையைச் சொல்லும் மதிப்பு) இடம்தான் உண்டு. குவெஸ்டில் மெட்டீரியல் (பரப்பின் தோற்ற அமைப்பு), ஸ்கின்டு மெஷ் (எலும்போடு பிணைத்த மெஷ்) எண்ணிக்கையும் உதைக்கும். அங்கே ‘புவர்’ தரத்துக்குள் நிற்க மெட்டீரியல் 4, ஸ்கின்டு மெஷ் 2, முக்கோணம் 20,000 என்ற வரம்பைத் தாண்டக்கூடாது. பதிவிறக்க அளவு 10 எம்.பி.

பார்க்கும் தூரம். இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. மனித அளவுள்ள விழி சுமார் 24 மி.மீ. விட்டம். அது 20 டிகிரி திரும்பினால் கருவிழி 4 மி.மீ. நகரும். 2 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அந்த 4 மி.மீ. என்பது 0.11 டிகிரி. டிகிரிக்குச் சுமார் 25 பிக்சல் காட்டும் குவெஸ்ட் 3-இல் அது வெறும் மூன்று பிக்சல். 70 செ.மீ. நெருங்கினால்தான் எட்டு பிக்சல் ஆகிறது. மனித அளவுக் கண்ணுக்கு 2 மீட்டருக்கு அப்பால் எதிராளி உண்மையில் பார்ப்பது இமையின் திறப்பைத்தான். அனிமே கண் இரண்டு மூன்று மடங்கு பெரிது. அங்கே இந்தத் தூரமும் அதற்கேற்ப நீளும்.

## எலும்பு

தலை எலும்பின் கீழ் இடம், வலம் என இரண்டு எலும்புகள். விழி மெஷ்ஷின் எல்லா வெர்டெக்ஸும் (முனைப்புள்ளி) அந்தந்த எலும்புக்கு 1.0 எடை (எலும்போடு எவ்வளவு நகரும் என்ற அளவு), தலைக்குத் துளிகூடப் போகக்கூடாது. மாடல் செய்யும் செயலியான பிளெண்டரில் விழியின் நடுவட்டத்தைத் தேர்ந்து, கர்சரை அங்கே கொண்டுவந்து, எலும்பின் தொடக்கப் புள்ளியை அதில் உட்கார வைத்தால் சுழல்மையம் சரியாக நடுவில் விழும். அவதாரை வி.ஆர்.சாட்டுக்குப் பதிவேற்றும் யூனிட்டியில் ரிக்கை ‘ஹியூமனாய்டு’ (மனித உடலமைப்பு) ஆக்கி, கான்ஃபிகர் பக்கத்தில் தலைப் பகுதியைத் திறந்து இடக்கண், வலக்கண் இடங்களில் சரியான எலும்புகள்தான் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். யூனிட்டி தானாகப் பொருத்தும்போது தாடை இடத்தில் முடி எலும்பை வைப்பது ஊரறிந்த கதை. கண் இடத்தையும் நம்பிவிட வேண்டாம்.

அடுத்தது அவதார் டிஸ்கிரிப்டரில் (யூனிட்டியில் வரும் வி.ஆர்.சாட் அமைப்புப் பலகை) உள்ள ‘ஐ லுக்’ பகுதி. இரண்டு எலும்புகளையும் இழுத்துப் போட்டு, நேர், மேல், கீழ், இடம், வலம் என ஐந்து நிலைகளுக்கும் சுழற்சி கொடுக்க வேண்டும். உருண்டை விழிக்கு மேலே 10, கீழே 15, பக்கவாட்டில் 15 முதல் 20 டிகிரி என்று தொடங்கலாம். மனிதக் கண் இதைவிட அதிகமாகத் திரும்பும். ஆனால் அந்த அளவுக்குப் போவதற்கு முன்பே மனிதன் தலையைத் திருப்பிவிடுகிறான். 35 டிகிரி கொடுத்த அவதார் யாரையோ ஓரக்கண்ணால் வேவு பார்ப்பதுபோல் இருக்கும். இரு கண்களையும் இணைக்கும் சங்கிலிக் குறியைக் கழற்றிவிட்டு, மூக்குப் பக்கம் திரும்பும் கோணத்தை வெளிப்பக்கத்தைவிடச் சற்றுக் குறைத்தால் கருவிழி மூக்கோரம் போய் ஒளிவது நிற்கும்.

மேலே பார்க்கச் சொன்னால் கண் பக்கவாட்டில் சாய்கிறதா? எலும்பின் ரோல் (தன் அச்சைச் சுற்றிய திருப்பம்) கோணல். பிளெண்டரில் இரண்டு கண் எலும்புகளையும் சேர்த்துத் தேர்ந்து ரோலை மறுகணக்கிட்டு, மீண்டும் ஏற்றுமதி செய்யுங்கள். டிஸ்கிரிப்டரில் எதிர்க்கோணம் கொடுத்துச் சரிக்கட்டினால் இப்போதைக்குச் சரியாகும். பின்னால் கண் தடமறிதல் சேர்க்கும்போது மறுபடி முளைக்கும்.

தகடுபோன்ற அனிமே கண்ணுக்கும் எலும்பு போதும், சுழல்மையத்தைத் தலைக்குள் பின்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். கருவிழித் தகட்டிலிருந்து 60 மி.மீ. பின்னால் மையம் இருந்தால் 3.8 டிகிரி சுழற்சிக்கே தகடு 4 மி.மீ. நகரும், கிட்டத்தட்டத் தட்டையாகவே. இங்கே உருண்டை விழியின் 15 டிகிரியை எழுதிவிட்டால் தகடு 16 மி.மீ. ஓடிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இலவச மாடல்களை மாற்றியமைப்பவர்களுக்கு அதிகம் நேரும் விபத்து இதுதான்: வேறொரு அவதாரின் டிஸ்கிரிப்டர் எண்களை அப்படியே ஒட்டுவது. வெள்விழி அசையக்கூடாது என்பதால் அதன் எடை முழுவதும் தலைக்குப் போக வேண்டும்.

மறைசெலவு இரண்டு. முதலாவது, வி.ஆர்.சாட்டின் ‘டிராக்கிங் கன்ட்ரோல்’ (ஓர் உறுப்பை வி.ஆர்.சாட் ஓட்டுவதா, உங்கள் அனிமேஷன் ஓட்டுவதா என்று மாற்றும் அமைப்பு) கண்ணையும் இமையையும் ஒரே சுவிட்சாகத்தான் வைத்திருக்கிறது. கண்மூடிச் சிரிக்கும் முகபாவத்துக்கு இமையை ‘அனிமேஷன்’ பக்கம் மாற்றினால் பார்வையும் உறைந்துவிடும். முகபாவம் முடிந்து வெளியேறும் நிலையில் மறுபடி ‘டிராக்கிங்’ என்று எழுத மறந்தால், அவதாரை மாற்றும்வரை கண் அப்படியே வெறித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, ஹியூமனாய்டு எலும்புகளை எஃப்எக்ஸ் லேயர் (முகபாவம், பொருள்மாற்றம் ஓடும் அனிமேட்டர் அடுக்கு) அசைக்காது. கண்ணை நீங்களே அனிமேட் செய்ய வேண்டுமென்றால் அது ‘ஆடிட்டிவ்’ லேயருக்குப் போக வேண்டும். எஃப்எக்ஸில் கிளிப் ஓடுகிறது, கண் மட்டும் அசையவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

## பிளெண்ட்ஷேப்

கருவிழியை மேல், கீழ், உள், வெளி என்று நகர்த்திய வடிவங்களை ஷேப் கீயாக (பிளெண்டரில் பிளெண்ட்ஷேப்பின் பெயர்) சேமிப்பது. ஒரு கண்ணுக்கு 4, இரண்டுக்கும் 8. ஐபோனின் முகத் தடமறிதலுக்கு ஆப்பிள் வகுத்த 52 வடிவங்களிலும் பார்வைக்கு இதே எட்டுதான்.

இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம்: பிளெண்ட்ஷேப் நேர்கோட்டில் போகும், விழியோ வட்டத்தில் சுழலும், ஆகவே பாதி வழியில் கருவிழி உள்ளே புதையும். வடிவியல் சரிதான், அளவைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. 12 மி.மீ. ஆரமுள்ள விழி 20 டிகிரி திரும்பும்போது பாதி வழிப் பள்ளம் 0.18 மி.மீ.; 30 டிகிரிக்கு 0.4 மி.மீ. கண்ணுக்கே தெரியாது. கண்ணொளிப் பொட்டு தனி மெஷ்ஷாக, நகராமல் நின்றால் மட்டும் இரண்டும் உரசிக்கொண்டு மினுக்கும்.

உண்மையான சிக்கல் வேறு. வி.ஆர்.சாட்டின் ‘ஐ லுக்’ பார்வைக்கு எலும்பை மட்டுமே சுழற்றுகிறது. இமைக்குத்தான் பிளெண்ட்ஷேப் எடுத்துக்கொள்கிறது. ஆகவே பார்வையை பிளெண்ட்ஷேப்பில் வைத்தால், அருகில் நிற்பவர் முகத்தைத் தானாக நோக்கும் வசதி, டிஸ்கிரிப்டரில் உள்ள அமைதி–துள்ளல், கூச்சம்–துணிவு ஸ்லைடர்கள், ஓ.எஸ்.சி. (வெளிச் செயலியிலிருந்து வி.ஆர்.சாட்டுக்கு மதிப்புகளை அனுப்பும் முறை) வழி நேரடிக் கண் தடமறிதல் எல்லாமே போய்விடும். கண்ணை அசைக்கும் ஒவ்வொரு அசைவையும் எஃப்எக்ஸ் லேயரில் நீங்களே கட்டி, அதற்குப் பேராமீட்டர் பிட்டும் கொடுக்க வேண்டும்.

உள்–வெளி என்ற பெயர்களிலும் கவனம் தேவை. ‘உள்’ என்றால் மூக்குப் பக்கம். அவதார் தன் வலப்பக்கம் பார்க்க இடக்கண்ணுக்கு ‘உள்’, வலக்கண்ணுக்கு ‘வெளி’. இரண்டு கண்ணுக்கும் ‘உள்’ கொடுத்தால் மாறுகண்.

மறைசெலவு பிளெண்டரிலேயே தொடங்குகிறது. ஷேப் கீ உள்ள மெஷ்ஷில் சப்டிவிஷன், மிரர் போன்ற மாடிஃபையர்களை அப்ளை செய்ய பிளெண்டர் விடாது. எனவே மெஷ் முழுதாக முடிந்த பிறகே ஷேப் கீ தொடங்க வேண்டும். பாதியில் கண்ணை மாற்றியமைக்க நினைத்தால் எட்டையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கலாம். அளவு பெரிய கவலையில்லை: நகரும் ஒரு வெர்டெக்ஸுக்கு யூனிட்டி இடம், நார்மல், டேன்ஜென்ட், எண் என 40 பைட் வைக்கிறது, 2,000 வெர்டெக்ஸ், 8 வடிவம் என்றால் சுருக்குவதற்கு முன் 640 கே.பி. பி.சி.யில் ஒன்றுமில்லை, குவெஸ்டின் 10 எம்.பி.யில் கொஞ்சம் கடிக்கும். முகத்தில் வடிவம் மாறும்போது நிழல்கோடு விழுந்தால் இறக்குமதி அமைப்பில் ‘லெகசி பிளெண்ட்ஷேப் நார்மல்ஸ்’ குறியைப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எப்போது இதைத் தேர்வது? பார்வை மாறும்போது கண்ணின் வடிவமே மாற வேண்டிய உயிரினங்களுக்கு: பல்லியின் புடைத்த கண், நீள்வட்டமாக இழுபடும் கார்ட்டூன் கண், முகத்தோலோடு ஒட்டிய கண். இங்கே சுழற்ற உருண்டையே இல்லை. நேரலை ஒளிபரப்புக்கான வி.ஆர்.எம். (அவதாருக்கான பொதுக் கோப்பு வடிவம்) மாடல்தான் முதன்மை, வி.ஆர்.சாட் இரண்டாம்பட்சம் என்றாலும் இது சரி.

## இமை: உண்மையான வேலை இங்கே

பார்வையில் அற்பமாக இருந்த நேர்கோட்டுச் சிக்கல் இமையில் பூதாகரமாகிறது. மேலிமை திறந்த நிலையிலிருந்து மூடிய நிலைக்கு விழியைச் சுற்றிச் சுமார் 60 டிகிரி பயணிக்கும். ஆரம் 12.5 மி.மீ. என்றால் பாதி வழியில் இமையின் விளிம்பு தன் வட்டப்பாதையைவிட 1.7 மி.மீ. உள்ளே போய்விடும். விளைவு: அரைக்கண் மூடும்போது விழி இமையைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

தானாகச் சிமிட்டுவது மட்டும்தான் என்றால் இதை விட்டுவிடலாம். மனிதச் சிமிட்டலே 0.1 முதல் 0.4 நொடியில் முடிந்துவிடும். பாதி நிலை சில ஃபிரேம்கள்தான் தெரியும். கண் தடமறிதல் வந்தால் கதை மாறும். இமை 40 சதவீதத்தில் நிமிடக்கணக்கில் நிற்கும், துளை ஊருக்கே தெரியும். தீர்வு மூன்று:

- விழியை 1 மி.மீ. பின்னுக்குத் தள்ளுங்கள், அல்லது மூடிய வடிவத்தில் இமையை அதைப்போல் இரு மடங்கு முன்னுக்கு இழுங்கள் (பாதி வழியில் பாதிதான் கிடைக்கும்). ஐந்து நிமிட வேலை. மூடிய கண் கொஞ்சம் வீங்கியதுபோல் தெரியும். அனிமே முகத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள்.
- பாதிமூடலுக்கென ஒரு திருத்த வடிவம் செய்து, ஒற்றைப் பரிமாண பிளெண்ட் ட்ரீயில் (ஒரு மதிப்புக்கேற்ப அனிமேஷன்களைக் கலக்கும் அனிமேட்டர் அமைப்பு) 0, 0.5, 1 என மூன்று இடங்கள் வையுங்கள். 0.5-இல் மூடல் 50, திருத்தம் 100. இரு முனைகளிலும் திருத்தம் 0. யதார்த்த முகத்துக்கு இதுவே நல்லது. ஆனால் டிஸ்கிரிப்டரின் தானியங்கிச் சிமிட்டல் ஒரே வடிவத்தைத்தான் ஓட்டும், அதற்கு இந்தத் திருத்தம் தெரியாது.
- இமைக்கும் எலும்பு வைத்து விழி மையத்தைச் சுற்றிச் சுழற்றுங்கள். பாதை தானாகவே வட்டமாகும். டிஸ்கிரிப்டரில் இமைக்கு எலும்பு என்ற தேர்வும் உண்டு. ஆனால் இமையோரத்தில் எடை பூசுவது பொறுமையைச் சோதிக்கும். மடிப்பு, கண்ணோரச் சுருக்கம், ஒற்றைக்கண் சிமிட்டல் போன்றவற்றை பிளெண்ட்ஷேப்பில் செய்வதே சுலபம்.

டிஸ்கிரிப்டரில் இமைக்கு ‘பிளெண்ட்ஷேப்ஸ்’ என்று தேர்ந்தால் மூன்று இடங்கள் வரும்: சிமிட்டல், மேலே பார்த்தல், கீழே பார்த்தல். பலர் முதலாவதை மட்டும் நிரப்பிவிட்டு நகர்கிறார்கள். கீழே பார்த்தலுக்கு மேலிமையைக் கருவிழியின் மேல்விளிம்புவரை இறக்கிய ஒரு வடிவம் கட்டாயம் வேண்டும். அந்த ஒரு வடிவம் முகத்தைத் திருத்துவதுபோல் வேறெதுவும் திருத்தாது. மேலே பார்த்தலுக்குச் செய்த வடிவம் இல்லையென்றால் வெறுமையாக விடலாம், பெரிய நட்டமில்லை.

இன்னொரு பழைய தொல்லை: கண்மூடிச் சிரிக்கும் முகபாவத்தில் இருக்கும்போது தானியங்கிச் சிமிட்டலும் வந்து சேர்ந்து, இரண்டு வடிவங்களும் கூடி இமை கன்னத்துக்குள் இறங்கிவிடும். அதற்குத்தான் மேலே சொன்ன டிராக்கிங் கன்ட்ரோல். அரைக்கண் முகபாவத்துக்கும் இது தேவை; முழுக்க மூடும் முகபாவத்துக்கு மட்டும் போட்டுவிட்டு இதை மறப்பது வழக்கம்.

## டெக்ஸ்சர் நகர்த்தல்

மெஷ் அசையாது, கருவிழிப் படத்தின் யு.வி. ஆஃப்செட் (படம் மெஷ்ஷின் மேல் எங்கே விழும் என்ற இடப்பெயர்ச்சி) மட்டும் மாறும். எல்.இ.டி. முகம் கொண்ட ரோபோ, திரையில் கண் தெரியும் ஹெல்மெட், துணிப்பொம்மை, முகத்தில் கண் வரைந்த மாஸ்காட் ஆகியவற்றுக்கு இதுதான் சரியான வழி. உருண்டை விழிக்கு இதை யாரும் பரிந்துரைக்கக் கூடாது: கருவிழி ஓரம் போகும்போது வட்டம் நீண்டு பிதுங்கும்.

இரண்டு விதமாகச் செய்யலாம். கருவிழியைத் தொடர்ச்சியாக நகர்த்துவது ஒன்று. பல கண் படங்களை ஒரே தாளில் கட்டம்கட்டமாக வைத்து மாற்றிமாற்றிக் காட்டுவது மற்றது. 1024 பிக்சல் டெக்ஸ்சரில் 4×4 கட்டம் போட்டால் ஒவ்வொரு படமும் 256 பிக்சல், டைலிங் 0.25, ஆஃப்செட் 0.25 படிகளில். கட்டங்களுக்கிடையே 4 முதல் 8 பிக்சல் ஓரம் விடுங்கள், இல்லாவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கும்போது மிப்மேப்பில் (தூரத்துக்கெனச் சிறிதாக்கிய டெக்ஸ்சர்) பக்கத்துக் கட்டம் கசியும். அனிமேஷன் கீகளின் டேன்ஜென்ட்டை ‘கான்ஸ்டன்ட்’ ஆக்க வேண்டும். அதை மறந்தால் கோபக்கண்ணிலிருந்து அழுகைக்கண்ணுக்குப் போகும் வழியில் இடையிலுள்ள கண்கள் எல்லாம் சர்ரென்று ஓடும்.

தொடர்ச்சியாக நகர்த்துவதில் மூன்று குழிகள் உண்டு. டெக்ஸ்சரின் ராப் முறை (படத்தின் ஓரத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்ற அமைப்பு) ‘கிளாம்ப்’ ஆக இல்லையென்றால் வலப்பக்கம் போன கருவிழி இடப்பக்கமாகத் திரும்பி வரும். இரண்டு கண்களும் ஒரே யு.வி.யை மிரர் செய்து பகிர்ந்துகொண்டால் ஒரே ஆஃப்செட்டுக்கு இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும்; யு.வி.யில் ஒரு கண்ணைத் திருப்பி வைத்தே ஆக வேண்டும். மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றும்: யூனிட்டியில் ஒரு ரெண்டரரின் மெட்டீரியல் பண்பை அனிமேட் செய்தால், அதே பெயருள்ள பண்பு அந்த ரெண்டரரின் எல்லா மெட்டீரியல்களிலும் மாறும். கண்ணை நகர்த்தப் போய் முகத்தோலும் சேர்ந்து நகரும். பி.சி.யில் பொயோமி ஷேடர் பண்பின் பெயரை மாற்றி லாக் செய்ய வழி தருகிறது. குவெஸ்டில் வி.ஆர்.சாட்டின் மொபைல் ஷேடர்கள் மட்டும்தான் அனுமதி. ஆகவே கண்ணைத் தனி மெஷ்ஷாகப் பிரிக்க வேண்டும். அங்கே வரம்பே இரண்டு ஸ்கின்டு மெஷ்தான், அதில் ஒன்று கண்ணுக்குப் போய்விடும்.

பிளெண்ட்ஷேப்பைப் போலவே இதற்கும் தானியங்கிப் பார்வை கிடையாது.

| | எலும்பு | பிளெண்ட்ஷேப் | டெக்ஸ்சர் |
|---|---|---|---|
| ஏற்ற கண் | உருண்டை, தகடு | வடிவம் மாறும் கண் | வரைந்த கண், திரை |
| வி.ஆர்.சாட் தானியங்கிப் பார்வை | உண்டு | இல்லை | இல்லை |
| ஓ.எஸ்.சி. நேரடித் தடமறிதல் | உண்டு | இல்லை | இல்லை |
| பேராமீட்டர் பிட் | தேவையில்லை (தானியங்கி) | தேவை | தேவை |
| குவெஸ்டில் கூடுதல் சுமை | இரண்டு எலும்பு | பதிவிறக்க அளவு | மெஷ், மெட்டீரியல் |
| பின்னால் திருத்துவது | எளிது | கடினம் | நடுத்தரம் |
| வழக்கமான விபத்து | தப்பான மையம், ரோல் | உள்–வெளி குழப்பம் | மிரர் யு.வி. |

## கண் தடமறிதல் வந்தால்

ஹெச்.டி.சி. வைவ் புரோ ஐ, மெட்டா குவெஸ்ட் புரோ போன்ற ஹெட்செட்டுகள் விழியின் திசையை அளந்து தருகின்றன. அதை அவதாருக்குக் கொண்டுபோக இரண்டு வழி, இரண்டுக்கும் விலை வேறு.

ஓ.எஸ்.சி. நேரடி வழி எலும்புக்கு மட்டும் உரியது. 9000-ஆம் போர்ட்டுக்குக் கண்ணின் கோணத்தை அனுப்பினால் வி.ஆர்.சாட் தன் தானியங்கிப் பார்வையை நிறுத்திவிட்டு அதை ஏற்கும். 256 பிட்டில் கைவைப்பதில்லை. ஆனால் இமைக்கு இரு கண்ணுக்கும் சேர்த்து ஒரே மதிப்புதான், ஒற்றைக்கண் அடிக்க முடியாது. தான் எங்கே பார்க்கிறோம் என்பது மட்டும் மற்றவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இது தாராளம்.

மற்றது, வி.ஆர்.சி. ஃபேஸ் டிராக்கிங் போன்ற செயலி வழியாகத் தனித்தனிப் பேராமீட்டர்கள். எலும்பு, பிளெண்ட்ஷேப், டெக்ஸ்சர் எதையும் ஓட்டலாம். இடக்கண் கிடை, வலக்கண் கிடை, பொது நிலைக்குத்து, இரண்டு இமை என ஐந்து ஃப்ளோட் (தசம மதிப்பு). ஒன்றுக்கு 8 பிட், மொத்தம் 40. உடைமாற்றம், பொருள்மாற்றம் என்று ஏற்கெனவே பேராமீட்டர் நிறைந்த அவதாருக்கு இது கனம். அதனால் பூலியன்களாக (ஒரு பிட் மட்டும் பிடிக்கும் ஆம்–இல்லை மதிப்பு) உடைத்து அனுப்புகிறார்கள். விலையைப் பாருங்கள்: அதிகபட்சம் 20 டிகிரி என்றால் முழு ஃப்ளோட்டில் ஒரு படி 0.16 டிகிரி. நான்கு பிட்டும் ஒரு குறி பிட்டும் என்றால் படி 1.3 டிகிரி. மூன்று பிட் என்றால் 2.9 டிகிரி, கண் தாவித்தாவி ஓடும். வி.ஆர்.சாட் ஃப்ளோட்டுகளை மற்றவர் பக்கத்தில் இடைமதிப்பிட்டு மென்மையாக்க முடியும். பூலியனுக்கு அது இல்லை என்பதால் அனிமேட்டரிலேயே மென்மையாக்கும் லேயர் தேவைப்படும். இமைக்கு மூன்று பிட் போதும், கிடைநிலைக்கு நான்குக்குக் கீழே போக வேண்டாம்.

இமைப் பேராமீட்டரில் ஒரு நுணுக்கம்: வி.ஆர்.சி. ஃபேஸ் டிராக்கிங் பேராமீட்டர்களின் இரண்டாம் பதிப்பில் இமை மதிப்புக்கு 0 மூடல், 0.75 சாதாரணத் திறப்பு, 1 அகல விரித்தல். சாதாரணத் திறப்பை 1-இல் வைத்து பிளெண்ட் ட்ரீ கட்டியவர்களின் அவதார் நாள் முழுக்கத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்.

இரண்டு கண்ணுக்கும் தனிக் கிடைமதிப்பு தேவையா? இரு கண்மணிகளுக்கும் இடைத்தூரம் சராசரி 63 மி.மீ. 50 செ.மீ. தள்ளியிருக்கும் பொருளைப் பார்க்க ஒவ்வொரு கண்ணும் 3.6 டிகிரி உள்ளே திரும்பும். 2 மீட்டரில் 0.9 டிகிரிதான். கையில் உள்ள பொருளைப் பார்ப்பது, கண்ணாடி முன் நிற்பது தவிர மற்ற நேரங்களில் வேறுபாடு தெரியாது. பிட் தட்டுப்பாடு என்றால் முதலில் வெட்ட வேண்டியது இதைத்தான்.

## வேறு உலகத்துக்கும் கொண்டுபோவதானால்

வி.ஆர்.எம். வடிவம் இரண்டையும் ஏற்கும். வி.ஆர்.எம். 1.0-இல் பார்வை வகை ‘போன்’ அல்லது ‘எக்ஸ்பிரஷன்’. உள், வெளி, மேல், கீழ் ஒவ்வொன்றுக்கும் உள்ளீட்டு உச்சமும் வெளியீட்டு அளவும் தனித்தனியாக எழுதலாம். ஒரு முகபாவம் சிமிட்டலைத் தடுக்க வேண்டுமா என்பதையும் அந்த முகபாவத்திலேயே குறிக்கலாம், வி.ஆர்.சாட்டில் அனிமேட்டரில் போராடிச் செய்வது இங்கே ஒரு தேர்வுப் பெட்டி. ஆனால் வி.சீ.ஃபேஸ் போன்ற சில செயலிகள் பழைய 0.x பதிப்பை மட்டுமே படிக்கும், ஏற்றுமதிக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் லைஃப் என்ற இன்னொரு மெய்நிகர் உலகத்தில் தேர்வு குறைவு. அங்கே அவதார் மெஷ்ஷுக்கு பிளெண்ட்ஷேப் ஏற்ற முடியாது. 2016-இல் வந்த பென்டோ என்ற எலும்புக்கூட்டு விரிவாக்கம் முகத்துக்கும் இமைக்கும் எலும்புகள் சேர்த்தது. பழைய கண் எலும்புகளோடு மாற்றுக் கண் எலும்புகளும் அதில் வந்தன. ஒரு மெஷ்ஷுக்கு 110 எலும்பு என்ற வரம்பு உண்டு. பார்வை, இமை இரண்டும் எலும்பில்தான். வரைந்த கண்ணுக்கு மட்டும் ஸ்கிரிப்ட் வழி டெக்ஸ்சர் அனிமேஷன். ஆகவே இரண்டு உலகத்துக்கும் ஒரே மாடல் வேண்டுமென்றால் இமைக்கு எலும்பு என்ற அந்தப் பொறுமைச் சோதனையைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்வது லாபம்.

## பதிவேற்றியபின் பார்க்க வேண்டியவை

யூனிட்டியின் முன்னோட்டம் பாதிதான் சொல்லும். உலகத்துக்குள் கண்ணாடி முன் நின்று எல்லா முகபாவங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு எடுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் சிமிட்டலும் பார்வையும் திரும்புகின்றனவா என்று பாருங்கள். திரும்பாத முகபாவத்தில் டிராக்கிங் கன்ட்ரோல் விடுபட்டிருக்கிறது. தலையை நேராக வைத்துத் தரையைப் பாருங்கள், கருவிழிக்கு மேல் வெள்விழிக் கீற்று தெரியக்கூடாது. கண் தடமறிதல் இருந்தால் அரைக்கண்ணில் பத்து நொடி நின்று, பக்கவாட்டிலிருந்து கேமராவில் ஒரு படம் எடுங்கள். துளை முன்பக்கத்தைவிடப் பக்கவாட்டில்தான் தெளிவாகத் தெரியும்.

கடைசிச் சோதனையைக் கண்ணாடியில் செய்ய முடியாது. உங்கள் திரையில் பேராமீட்டர் முழுத் துல்லியத்தில் ஓடுகிறது. மற்றவர்களுக்குப் போவது 8 பிட்டாகவோ பூலியன்களாகவோ சுருங்கிய பதிப்பு. ஆகவே இன்னொருவரை 70 செ.மீ. தூரத்தில் நிற்கச் சொல்லி, அவர் திரையில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.